குன்னூர் ஓடையில் டி.டி.எஸ். ஏறுகிறது: ஊர் பெருத்தால் மலைத் தண்ணீரும் உப்பாகுமா?

ஓடையோரம் | சனி, இரவு 9.10

குன்னூரில் டவுனுக்குக் கீழே, ஓடைக்குப் பக்கத்தில் வீடு. போன மாதம் வாட்டர் பியூரிஃபையர் மாட்டியபோது பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டரும் கூடவே வந்தது, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைக் காட்டுவது. குழாய்த் தண்ணீரைப் பார்த்தாயிற்று, மழைத் தண்ணீரைப் பார்த்தாயிற்று. அப்புறம் ஓடைக்குப் போனேன்.

வீட்டுக்கு மேலே தேயிலைத் தோட்டம் தாண்டி, சோலைக்காடு முடிகிற இடத்தில் ஓர் ஊற்று இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது குனிந்து கையில் அள்ளிக் குடித்த தண்ணீர். அங்கே மீட்டர் இரண்டு இலக்கத்தைத் தாண்டவில்லை, அதுவும் சின்ன எண். அதே ஓடை தோட்டத்தைக் கடந்து, வீடுகளுக்கு நடுவே சிமென்ட் வாய்க்காலாகி, பாலத்தடிக்கு வரும்போது மூன்று இலக்கம் காட்டுகிறது. நடந்தால் முக்கால் மணி நேரத் தூரம். நடுவில் வேறு ஓடை எதுவும் வந்து சேரவில்லை.

தெரிந்த ஒருவரிடம் சொன்னேன். "குடிநீர் வரம்பான 500க்குள்தானே இருக்கிறது, விடுங்கள்" என்றார். எனக்கு மனம் ஆறவில்லை. பக்கத்தில் கடல் இல்லை, சாயப்பட்டறை இல்லை. இந்த மலையில் உப்பு எங்கிருந்து வருகிறது?


சீசன் கடை | சனி, இரவு 9.35

அண்ணா, தப்பாக நினைக்காதீர்கள். கீழே சமவெளியில் போர்வெல் தண்ணீர் ஆயிரத்தைத் தாண்டுகிற ஊர்களில் என் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அதைத்தான் காலம் காலமாகக் குடிக்கிறார்கள். நம் ஓடையில் அதில் கால்பங்குகூட இருக்காது. சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் வந்ததிலிருந்து வண்டி எண்ணிக்கை குறைந்து, கடை நடத்துவதே பாடாக இருக்கிறது. 'ஊட்டித் தண்ணீர் உப்பு' என்று ஒரு செய்தி கிளம்பினால் எங்கள் பிழைப்பும் போகும். அளவுக்குள் இருப்பதை ஏன் பிரச்சினை ஆக்க வேண்டும்?


ஒன்றரை ஏக்கர் | சனி, இரவு 10.20

கேத்திப் பக்கம் சிறு தேயிலை விவசாயி. கடைக்காரத் தம்பியின் கவலை புரிகிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்.

நம் மலைத் தண்ணீரில் உப்பு எவ்வளவு குறைவு என்பது எங்கள் பாட்டன் பூட்டனுக்குத் தெரியும். படகர்களிடம் உப்பட்டுவ ஹப்பா என்று ஒரு பண்டிகை உண்டு, மாட்டுக்கும் எருமைக்கும் உப்புத் தண்ணீர் காட்டுகிற நாள். தோடர்களும் தங்கள் எருமைகளுக்கு உப்புத் தண்ணீர் கொடுப்பதை ஒரு சடங்காகவே செய்கிறார்கள். ஏன்? இங்கே புல்லிலும் இல்லை, தண்ணீரிலும் இல்லை. உப்பு கீழ்நாட்டிலிருந்து மலை ஏறி வர வேண்டிய பொருள். அப்படிப்பட்ட ஓடையில் மூன்று இலக்கம் என்றால் நான் சும்மா விடமாட்டேன்.

தோட்டத்தைக் கடந்து வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். தேயிலைக்குப் பொட்டாஷ் போடுகிறோம். அது பொட்டாசியம் குளோரைடு, எடையில் கிட்டத்தட்ட பாதி குளோரைடுதான். செடி பொட்டாசியத்தை எடுத்துக்கொள்ளும், குளோரைடில் பெரும்பகுதி மழையோடு இறங்கிவிடும். கவாத்து செய்த பிறகு மண்ணின் புளிப்பைக் குறைக்க டோலமைட் சுண்ணாம்பு போடுவோம். அதிலிருந்து கால்சியமும் மெக்னீசியமும் கரையும். ஆகவே முழுப் பழியையும் டவுன் மேல் போட முடியாது.


வேதியியல் டீச்சர் | ஞாயிறு, காலை 6.50

முதலில் மீட்டரைப் பற்றி. அந்தப் பேனா உப்பை நேரடியாக அளப்பதில்லை. தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பார்த்து, அதை ஏறத்தாழ 0.5 என்ற எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. கரைந்திருப்பது சமையல் உப்பா, சுண்ணாம்பா, உரமா என்று அதற்குத் தெரியாது. எல்லாம் மின்னூட்டம் உள்ள அயனிகள், அவ்வளவுதான்.

இரண்டாவது, வெப்பநிலை. ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 2 சதவீதம் கடத்துதிறன் மாறும். நம் ஊரில் காலை ஓடைக்கும் மதிய ஓடைக்கும் உள்ள குளிர் வித்தியாசமே உங்களை ஏமாற்றிவிடும். மீட்டரில் வெப்பத் திருத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் முனையைத் தண்ணீரில் ஒரு நிமிடம் வைத்திருந்து, எண் நிலைத்த பிறகு குறியுங்கள். கடைகளில் கிடைக்கும் சரிபார்ப்புக் கரைசல் பெரும்பாலும் 1413 மைக்ரோ சீமென்ஸ் (கடத்துதிறனை அளக்கும் அலகு). மலைத் தண்ணீருக்கு அது மிக அதிகம். 84 மைக்ரோ சீமென்ஸ் கரைசலும் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது அந்த 500. அது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர் வரம்பு. லிட்டருக்கு 500 மில்லிகிராம் ஏற்கத்தக்கது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை விடலாம். குளோரைடுக்குத் தனியாக 250. இவை மனிதனின் வாய்க்கும் வயிற்றுக்கும் வைத்த எண்கள். ஓடைக்குள் வாழ்கிற உயிருக்கு வைத்தவை அல்ல.

அமெரிக்காவில் அப்பலாச்சியன் என்ற மலைப்பகுதி இருக்கிறது. அங்கே சுரங்கக் கழிவால் ஓடைகளில் உப்பு ஏறியபோது, எந்த அளவில் நீர்ப்பூச்சி இனங்கள் மறையத் தொடங்குகின்றன என்று ஆராய்ந்து, 2011இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 300 மைக்ரோ சீமென்ஸ் என்று ஓர் அளவு சொன்னது. உங்கள் பேனாவில் அது சுமார் 150. குடிநீர் வரம்பில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! மேஃப்ளை என்கிற பூச்சியின் இளம்புழு கல்லுக்கு அடியில் ஒட்டி வாழும். மீனுக்கும் தவளைக்கும் தீனி. முதலில் காணாமல் போவது அந்த வகைதான். அங்குள்ள பாறையும் உப்புக் கலவையும் வேறு, அதனால் அந்த எண்ணை அப்படியே குன்னூருக்குத் தூக்கி வர முடியாது. ஆனால் ஒரு மலை ஓடையை அதன் சொந்த ஊற்றோடு ஒப்பிட வேண்டும், குடிநீர் அட்டவணையோடு அல்ல என்பது இங்கேயும் பொருந்தும்.


அட்லாண்டிக் கரை | ஞாயிறு, காலை 7.30

கோத்தகிரிக்காரன், இப்போது அமெரிக்காவில் மேரிலாண்டில் இருக்கிறேன். இங்கே இது பெரிய பேச்சு. குளிர்காலத்தில் சாலையில் பனி உறையாமல் இருக்க உப்பைக் கொட்டுகிறார்கள், நாடு முழுக்க ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன். மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் சுஜய் கௌஷலும் அவருடன் ஆராய்ந்தவர்களும் 2005இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குளிர்காலத்தில் சில ஓடைகளின் குளோரைடு கடல்நீரில் நான்கில் ஒரு பங்கு வரை போயிருந்தது. என்னை உலுக்கியது அடுத்த தகவல்: உப்பே போடாத கோடைக்காலத்திலும் காட்டு ஓடைகளைவிட 100 மடங்கு வரை அதிகம். காரணம், உப்பு நிலத்தடி நீருக்குள் இறங்கித் தங்கிவிட்டது. வருஷம் முழுக்கக் கசிகிறது.

ஊட்டியில் உறைபனி விழும், ஆனால் யாரும் சாலையில் உப்புப் போடுவதில்லை. அப்படியென்றால் நம் ஊரில் இது வேறு கதையாகத்தானே இருக்க வேண்டும்?


வேதியியல் டீச்சர் | ஞாயிறு, காலை 8.15

வேறு வழி, அதே கதை. அதே கௌஷல் 2018இல் இன்னொரு கட்டுரையில், சாலை உப்போடு கழிவுநீர், உரம், கான்கிரீட் கரைவது எல்லாம் சேர்ந்து ஆறுகளை உப்பாகவும் காரமாகவும் மாற்றுகின்றன என்று காட்டினார். நன்னீர் உப்பாதல் நோய்க்குறி என்ற பொருளில் அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள். பனி இல்லாத ஊரில் சாலை உப்பு மட்டும்தான் கழியும். மற்றவை எல்லாம் நம்மிடம் இருக்கின்றன.

கழிவுநீரில் ஏன் உப்பு என்று மாணவர்கள் கேட்பார்கள். நாம் சாப்பிடும் உப்பில் பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறிவிடும். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது, நாம் அதைவிட இரண்டு மடங்கு உண்கிறோம். தலைக்கு 10 கிராம் என்று வையுங்கள். 100 பேருக்கு ஒரு கிலோ. ஒரு கிலோ உப்பு 20,000 லிட்டர் தண்ணீரில் கலந்தால் லிட்டருக்கு 50 மில்லிகிராம் ஏறும். 2011 கணக்கெடுப்பில் குன்னூர் நகராட்சியில் 45,494 பேர், உதகையில் 88,430 பேர். உதகை மட்டும் நாளைக்கு 880 கிலோ, ஏறக்குறைய 18 மூட்டை! சீசனில் வந்து தங்குகிறவர்களை இதில் சேர்க்கவே இல்லை. சோப்புத்தூள், பிளீச்சிங் பவுடர் எல்லாம் தனி.

சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறதே என்று நினைக்கலாம். அங்கே நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும், நாற்றம் போகும், நோய்க்கிருமி குறையும். அவை மிக மிகத் தேவை. ஆனால் குளோரைடை எந்த நுண்ணுயிரும் தின்னாது. உள்ளே போன உப்பு அப்படியே வெளியே வரும். செப்டிக் டேங்கிலும் இதேதான்.


நொய்யல் கரை | ஞாயிறு, காலை 9.05

டீச்சர் சொல்வதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம். திருப்பூருக்குக் கீழே எங்கள் ஊர். 1992இல் நொய்யல் ஆற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கென்று கட்டி முடிந்தது. சாயக்கழிவு நிரம்பி, அந்தத் தண்ணீரைப் பாய்ச்சிய நிலமெல்லாம் வெள்ளை பூத்தது. தென்னை காய்ந்தது, கிணறு கெட்டது. 2011இல் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொல்லி உத்தரவிட்ட பிறகுதான் சொட்டுக் கழிவுகூட வெளியேறாத முறைக்கு வந்தார்கள். உப்பைத் தண்ணீரிலிருந்து பிரிக்க சவ்வூடு வடிகட்டியும், கொதிக்கவைத்து ஆவியாக்கும் கொப்பரையும் வேண்டும். என்ன செலவு தெரியுமா? பிரித்த உப்பை என்ன செய்வது என்று தெரியாமல் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்தார்கள்.

உங்கள் ஓடையை நொய்யலோடு ஒப்பிடவே முடியாது, தெரியும். ஆனால் கலந்த உப்பைத் திரும்ப எடுக்க முடியாது என்பதை எங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். குன்னூர் ஆறு மேட்டுப்பாளையம் பக்கம் பவானியில் சேர்கிறது. பவானி காவிரியில் சேர்கிறது. வழிநெடுக மக்கள் குடிக்கிறார்கள்.


தடுப்புச்சுவர் | ஞாயிறு, பகல் 11.40

மலையில் 20 வருடமாகக் கட்டட வேலை. சிமென்ட் வாய்க்கால் என்று முதல் பதிவில் படித்ததும் எழுதத் தோன்றியது.

தடுப்புச்சுவரில் வெள்ளையாகப் படிவதை 'சுவரில் உப்புப் பூத்திருக்கிறது' என்று சொல்வோம் இல்லையா? அதில் பெரும்பகுதி சிமென்ட்டிலிருந்து வந்த சுண்ணாம்பு. மழைத் தண்ணீர் இயல்பிலேயே கொஞ்சம் புளிப்பு, நம் மண்ணில் இறங்கி வருகிற தண்ணீர் இன்னும் புளிப்பு. அது கான்கிரீட்டுக்குள் ஊறி, சுண்ணாம்பைக் கரைத்து, வடிகால் துளை வழியாக வெளியே வருகிறது. சுவரில் தெரிவது கொஞ்சம்தான். மீதி ஓடைக்குப் போகிறது.

2009 நவம்பர் மண்சரிவை நேரில் பார்த்தவன் நான். 40க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதற்குப் பிறகு பார்த்த இடமெல்லாம் சுவர் எழுந்தது. சரிவு உள்ள இடத்தில் சுவர் வேண்டாம் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். ஆனால் ஓடையின் அடித்தளத்துக்கும் இரண்டு பக்கமும் எதற்குச் சிமென்ட்? கம்பி வலைக்குள் கல் அடுக்கிக் கட்டினாலே கரை நிற்கும், தண்ணீரும் மண்ணுக்குள் போகும். பில் போடச் சிமென்ட் வேலைதான் வசதி, அதனால் அதையே செய்கிறோம். இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன், நானும் அப்படிக் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.


வேதியியல் டீச்சர் | ஞாயிறு, மதியம் 1.20

தடுப்புச்சுவர் சார் சொன்னதற்கு நேர் உதாரணம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. சிட்னிக்கு மேற்கே ப்ளூ மவுண்டன்ஸ், அதாவது அதுவும் ஒரு நீலமலை. அங்கே காட்டு ஓடைகள் புளிப்பானவை, உப்பு மிகக் குறைவு. ஊர் வழியாக வரும் ஓடைகளில் கடத்துதிறனும் பி.எச்.சும் (தண்ணீர் புளிப்பா காரமா என்று காட்டும் எண்) உயர்ந்திருந்தன. மழைநீரைக் கான்கிரீட் குழாயில் சுற்றவிட்டுப் பார்த்தபோது கால்சியமும் பைகார்பனேட்டும் கரைந்து ஏறின, பிளாஸ்டிக் குழாயில் அப்படி ஏறவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, இதை எல்லோரும் மறந்துவிடுகிறோம். உப்பு கூடுவது ஒரு பாதி, நல்ல தண்ணீர் குறைவது மறு பாதி. சோலையும் சதுப்பும் மழையை உறிஞ்சி வைத்து மார்ச் மாதத்திலும் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கும். சதுப்பில் மண் அடித்து வீடு கட்டினால், மலைச்சரிவைத் தளம் போட்டு மூடினால், மழை அன்றைக்கே ஓடிவிடும். கோடையில் ஓடையில் இருப்பது வீட்டுத் தண்ணீர் மட்டும். குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. ஆகவே ஓடையோரம் தம்பி இப்போது பார்த்த எண் நவம்பரில் பாதியாகலாம். அதை வைத்து சரியாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது.

தம்பி, ஒரு சோதனை செய்கிறீர்களா? ஊற்று, தோட்டம் முடியும் இடம், பாலத்தடி என்று மூன்று இடம். பாலத்தடியில் மட்டும் அதிகாலை ஐந்திலிருந்து மதியம் வரை மணிக்கு ஒரு முறை. உரமும் சிமென்ட்டும் கடிகாரம் பார்க்காது. மனிதர்கள் எழுந்து குளித்துப் பாத்திரம் கழுவும் நேரத்தில் எண் ஏறினால் அது வீட்டுத் தண்ணீர். மழை பெய்யாத நாளாகப் பாருங்கள்.


ஓடையோரம் | அடுத்த ஞாயிறு, மாலை 4.45

செய்துவிட்டேன். ஐந்து நாள் மழை இல்லை. டீச்சர் சொன்ன கரைசலில் சரிபார்த்த பிறகுதான் தொடங்கினேன்.

ஊற்று முன்பு பார்த்தது போலவே. தோட்டம் முடியும் இடத்தில் கொஞ்சம் ஏறியிருந்தது, ஒன்றரை ஏக்கர் அண்ணா சொன்னது சரி. ஆனால் பெரிய தாவல் அதற்குக் கீழே, சிமென்ட் வாய்க்கால் தொடங்கிய பிறகுதான். பாலத்தடியில் இருட்டோடு ஐந்து மணிக்குப் போய் நின்றேன். ஐந்து, ஆறு இரண்டிலும் ஒரே எண். ஏழு மணிக்கு ஏறத் தொடங்கியது, ஒன்பதுக்கு உச்சம், நண்பகலில் இறங்கியது. ஆனாலும் ஐந்து மணிக்கு இருந்த எண்ணே தோட்டத்து எண்ணைவிட அதிகம்.

பி.எச். தாளையும் நனைத்துப் பார்த்தேன். ஊற்றில் புளிப்புப் பக்கம், பாலத்தடியில் காரப் பக்கம். கல்லைப் புரட்டிப் பார்த்தேன், டீச்சர். ஊற்றுக்குக் கீழே ஒவ்வொரு கல்லிலும் தட்டையாக, மூன்று வாலோடு பூச்சிகள் ஓடின. பாலத்தடியில் சிவப்பாகப் புழு மட்டும் இருந்தது.


வேதியியல் டீச்சர் | அடுத்த ஞாயிறு, மாலை 6.00

மூன்று வால் பெரும்பாலும் மேஃப்ளைதான். சிவப்புப் புழு ஆக்சிஜன் குறைந்த, அழுக்கான இடத்திலும் வாழும். பாலத்தடியில் பூச்சி இல்லாததற்கு உப்பு மட்டும் காரணம் என்று நான் சொல்லமாட்டேன், சாக்கடையின் மற்ற அழுக்கும் சேர்ந்துதான். ஆனால் உங்கள் கணக்கு அழகாகப் பிரிந்து வந்திருக்கிறது. காலையில் ஏறி இறங்குவது வீடுகள். இரவெல்லாம் நிற்கிற எண் சிமென்ட்டும், மண்ணுக்குள் ஊறிய செப்டிக் டேங்க் கசிவும். மேரிலாண்டில் கோடையிலும் உப்பு வருகிறதே, அதே மாதிரி.

பாலத்தடியில் ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் ஒவ்வொரு பாட்டில் எடுத்து வாருங்கள். வெள்ளி நைட்ரேட் வைத்துக் குளோரைடு பார்த்துவிடலாம், செங்கல் நிறம் வரும்வரை சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மாணவிகளையே செய்யச் சொல்கிறேன். அதிகாரப்பூர்வமாக வேண்டுமென்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுக்கலாம்.


சீசன் கடை | அடுத்த ஞாயிறு, இரவு 8.30

ஒரு வாரமாகப் படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஒன்பது மணி உச்சத்தில் என் கடையும் இருக்கிறது அண்ணா. காலை டிபனுக்கு அண்டா கழுவுவதும், கழிவறைத் தண்ணீரும் அந்த வாய்க்காலில்தான் போகின்றன. எங்கள் வரிசையில் ஏழு கடைகளுக்கும் அப்படித்தான். வேறு இணைப்பு இல்லை என்பதால் அப்பா காலத்தில் வைத்த குழாய்.

எனக்குப் புரியாதது ஒன்று. சுத்திகரித்தாலும் உப்பு போகாது என்றால், குழாயை மாற்றி என்ன பயன்?


தடுப்புச்சுவர் | அடுத்த ஞாயிறு, இரவு 9.15

பயன் இருக்கிறது தம்பி. இப்போது ஒரு சின்ன ஓடை உங்கள் ஏழு கடையையும் சுமக்கிறது. அதே தண்ணீரைக் குழாயில் கொண்டுபோய், அழுக்கு நீக்கி, பெரிய ஆற்றில் விட்டால் உப்பு கரைந்து மெலியும், கிருமியும் குறையும். ஓடை ஊற்றுத் தண்ணீரோடு ஓடும். அதோடு ஊற்றைக் காப்பாற்ற வேண்டும். நல்ல தண்ணீர் நின்றுவிட்டால் யார் எந்தக் குழாயை மாற்றியும் ஒன்றும் நடக்காது.

புதன்கிழமை எனக்கு வேலை இல்லை. உங்கள் வரிசையின் குழாய் மட்டத்தைப் பார்த்துச் சொல்கிறேன், காசு வேண்டாம். ஏழு கடைக்கும் சேர்த்து ஒரு தொட்டி கட்ட இடம் இருக்கிறதா, மெயின் குழாய்க்கு வாட்டம் கிடைக்கிறதா என்று பார்த்தால் போதும். மற்றவர்களிடம் நீங்கள் பேசி வையுங்கள்.


ஓடையோரம் | அடுத்த ஞாயிறு, இரவு 9.50

இதை எழுதலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். காலையில் ஊற்றுக்குப் போனபோது, அதற்கு மேலே உள்ள சரிவில் புதிதாக எல்லைக்கல் நட்டிருந்தார்கள். ஜேசிபி தடம் ஊற்றுக்கு இருபது அடி வரை வந்திருக்கிறது. பக்கத்தில் எப்போதும் கால் புதைகிற சதுப்பில் ஒரு லோடு மண் கொட்டிக் கிடக்கிறது.


ஒன்றரை ஏக்கர் | அடுத்த ஞாயிறு, இரவு 10.05

சர்வே எண் தெரியுமா? நாளைக்குக் காலை வருகிறேன், ஆறரைக்குப் பாலத்தடியில் நில்லுங்கள். டீச்சர் கேட்ட பாட்டில்களைக் கொண்டு வாருங்கள். ஊற்றுத் தண்ணீரையும் ஒரு பாட்டில் எடுத்து வைத்துவிடலாம். மண் முழுசாக மூடுவதற்கு முன்னால் அது எப்படி இருந்தது என்பதற்குக் கையில் கணக்கு வேண்டும்.